மருந்துக்கு மட்டுமா அளவு?



கிள்ளான் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியே ஆகட்டும். அவர் கணவருக்கு வயது 58. இளவயதில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக வேலை பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று என்று பேச்சும் தடுமாறியது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார். இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் நாலடி நடக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பிசியோ பயிற்சி நடக்கிறது.

இனி அந்தச் சகோதரியே பேசட்டும்:

"என் மாமியார், 'நரம்பு தளர்ந்து கிடக்கிறது, பிள்ளையைப் படுக்க விடு' என்கிறார். என் தம்பி, 'நாளெல்லாம் நடக்க வை அக்கா, படுத்தால் படுத்தபடியே போய்விடுவார்' என்கிறான். என் கொழுந்தனாரோ, பிரிக்பீல்ட்சில் உருவிவிட்டால் சரியாகும் என்று வாராவாரம் ரயிலேற்றி அழைத்துப் போகிறார். நான் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். மாத்திரைக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு எத்தனை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே! நான் யார் பேச்சைக் கேட்பது? எவ்வளவு செய்ய வைப்பது?"

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'மாத்திரைக்கு அளவு உண்டு, பயிற்சிக்கு எங்கே அளவு?' என்று அவர் கேட்டது வெறும் புலம்பல் அல்ல. உலகத்துப் பெரிய மருத்துவர்களே இருபது முப்பது ஆண்டுகளாக இதே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் நம் வீட்டுக்கு உதவுவதை மட்டும் இன்று பார்ப்போம்.

அளவு என்பது எது?

பால்மரம் சீவிய கைகளுக்கு அளவைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மரம் பருவத்துக்கு வருமுன் உளி வைக்கக் கூடாது. மேலோட்டமாகச் சீவினால் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவ வேண்டிய மரத்தை ஓய்வில்லாமல் சீவினால் பட்டை காய்ந்து, இருந்த பாலும் நின்றுபோகும். எப்போது தொடங்குவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற நான்கும் சேர்ந்ததுதான் அங்கே அளவு.

பக்கவாதத்துக்குப் பிறகு செய்யும் பயிற்சியும் அப்படித்தான். 'ஒரு மணி நேரம்' என்று சொல்வது மட்டும் அளவாகாது. எந்த வேலையைப் பழக்குகிறோம், எப்போது தொடங்குகிறோம், ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு கடினம் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு மணி நேரம் பயிற்சி என்று உட்கார்ந்து, அதில் முக்கால் மணி நேரம் மற்றவர் கையைத் தூக்கிவிடப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் பெற்றது ஒரு மணி நேர மருந்து அல்ல.

ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்?

பக்கவாதத்தில் கெட்டுப்போவது கையும் காலும் அல்ல. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. கையை ஆட்டிவைத்த முதலாளி போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த பகுதி திரும்ப வராது. ஆனால் பக்கத்திலிருக்கும் பகுதிகள் அந்த வேலையில் ஓரளவைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஒரே வழி, அந்த வேலையையே பல நூறு தடவை செய்து பார்ப்பதுதான்.

முதன்முதலில் உளி பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை படிந்ததா? நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்று மாதக் கணக்கில் சீவிய பிறகுதானே, கண்ணை மூடிக்கொண்டு சீவினாலும் கோடு பிசகாது என்ற நிலை வந்தது!

இதை வைத்துக்கொண்டு அடுத்த செய்தியைக் கேளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கவாத நோயாளிகளுக்கு நடந்த 312 பயிற்சி வேளைகளைப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. கையால் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயிற்சி, நடந்த வேளைகளில் சராசரியாக 32 தடவைதான் நடந்திருக்கிறது. நடைப் பயிற்சியில் சராசரி 357 அடி வைத்திருக்கிறார்கள். வசதி மிகுந்த நாடுகளிலேயே இந்தக் கணக்கு! மூளைக்கு நூற்றுக் கணக்கில் வேண்டியிருக்க, 32 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்படியானால் தம்பி சொல்வதுதான் சரியா? நாளெல்லாம் நடக்க வைத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

மாமியாரும் கொஞ்சம் சரிதான்

பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடியும் அதிக நேரமும் உட்கார வைத்து நிற்க வைத்துப் பழக்கினால் சீக்கிரம் தேறுவார்களா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அந்த ஆய்வில் நியூசிலாந்து, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளோடு நம் மலேசியாவும் சேர்ந்திருந்தது. மொத்தம் 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். முடிவு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது.

வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 10 நிமிடம் படுக்கையை விட்டு எழுந்தார்கள். தீவிரப் பயிற்சியில் இருந்தவர்கள் சுமார் 31 நிமிடம் எழுந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பிறர் துணை அதிகம் வேண்டாமல் நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 100க்கு 50 பேர். தீவிரப் பயிற்சியில் 100க்கு 46 பேர்தான். அதிகம் கொடுத்ததால் நன்மை கூடவில்லை; குறைந்தது.

அடுத்த ஆண்டு அதே கணக்கை இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். அந்த முதல் நாட்களில் கொஞ்சங் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி எழுப்பியவர்கள் நன்றாகத் தேறினார்கள். மொத்த நேரத்தைக் கூட்டக் கூட்ட நன்மை குறைந்தது.

ஆக, அடிபட்ட மூளைக்கு முதல் நாளிலேயே பாரம் ஏற்றக் கூடாது என்ற அளவில் மாமியார் சொல்வது சரி. ஆனால் அது முதல் சில நாட்களுக்குத்தான். நான்கு மாதம் கழிந்த பிறகும் படுக்க வைத்தால், தசை சூம்பும், மூட்டு இறுகும், படுக்கைப் புண் வரும், மனமும் சோர்ந்துவிடும். இங்கேதான் தம்பியின் பேச்சுக்கு இடம் வருகிறது.

நாளுக்கு மூன்று மணி நேரமா?

பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் குழு 2013ஆம் ஆண்டில், தேவைப்படும் ஒவ்வொரு வகைப் பயிற்சியும் நாளொன்றுக்கு 45 நிமிடமாவது, வாரத்துக்கு 5 நாள் வேண்டும் என்று சொன்னது. 2023 அக்டோபரில் அதை உயர்த்தி, நாளொன்றுக்கு 3 மணி நேரமாவது, வாரத்துக்கு 5 நாளாவது என்று ஆக்கியது.

மூன்று மணி நேரம் என்றதும் மலைத்துப் போகாதீர்கள். அது கால் பயிற்சி, கைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதும் அல்ல. அவரவர் தேவையையும் தாங்கும் சக்தியையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றும் அதே குழு சொல்கிறது. உடம்பு தாங்காதவருக்கு நேரத்தைக் குறைக்கலாம். நாளைக் குறைக்கக் கூடாது.

இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் நம் சகோதரியின் வீட்டுக் கணக்கை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு அரை மணி நேரம்! மீதி நாட்களில் ஜன்னலோரம் நாற்காலி, எதிரே தொலைக்காட்சி. நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பயிற்சி கூடிப்போவது அல்ல, குறைந்துபோவதுதான். பிசியோவிடம் போய்வந்தால் அதுவே சிகிச்சை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அங்கே கிடைப்பது பாடம். வீட்டில் செய்வதுதான் மருந்து.

கூட்டிக்கொண்டே போனால் சரியாகுமா?

அதுவும் இல்லை. பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 85 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு 3,200 தடவை, இன்னொன்றுக்கு 6,400, மற்றொன்றுக்கு 9,600, கடைசிக் கூட்டத்துக்கு அவரவரால் முடிந்தவரை என்று கைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016ஆம் ஆண்டு வந்த முடிவு என்ன தெரியுமா? அதிகத் தடவை செய்தவர்கள் அதிகம் தேறவில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் கிடைத்த பலன் கொஞ்சம்தான்.

காரணம் என்னவாக இருக்கும்? 2021ஆம் ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. 72 பேர் அதில் இருந்தார்கள். வழக்கமான பயிற்சியோடு கூடுதலாக 20 மணி நேரக் கைப் பயிற்சியைச் சிலருக்கு முதல் மாதத்திலும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்தும், சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் கொடுத்தார்கள். மிகவும் தேறியவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் பெற்றவர்கள். முதல் மாதத்தில் பெற்றவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆறு மாதம் கடந்தவர்களுக்கு அந்த 20 மணி நேரம் போதவில்லை. பருவத்தில் பயிர் செய் என்று பெரியவர்கள் சொன்னது பயிருக்கு மட்டுமல்ல.

சகோதரி, உங்கள் கணவருக்கு நான்கு மாதம் ஆகிறது. வரும் சில மாதங்கள் தங்கம் போன்றவை என்பதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வீணாகிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

காலம் கடந்துவிட்டதே என்று இதைப் படிக்கும் வேறு யாரும் கலங்க வேண்டாம். கதவு மூடிவிடுவதில்லை. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் கெட்ட கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். இரண்டு வாரம் அப்படிச் செய்ததன் பலன் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. அது 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது அசைபவர்களுக்குத்தான் இது பொருந்தும். பேச்சுக்கும் நம்பிக்கை உண்டு. ஜெர்மனியில், பேச்சு இழந்து ஆறு மாதம் கடந்த 156 பேருக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்ததில், அவர்கள் பேச்சு தெளிந்தது. இது 2017ஆம் ஆண்டுச் செய்தி. வாரத்துக்கு ஒரு முறை என்று இழுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தப் பலன் வந்திருக்குமா என்பதே கேள்வி.

வீட்டார் மட்டும் போதுமா?

போதாது. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து, 1,250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தின. ஒரு பாதிப் பேரின் வீட்டாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே இரண்டு மாதம் வரை தொடரச் சொன்னார்கள். மறுபாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் 100க்கு 47 பேர் இறந்தோ பிறர் துணையை நம்பியோ இருந்தார்கள். வித்தியாசமே இல்லை. முடிவு 2017ஆம் ஆண்டு வந்தது.

இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். வீட்டார் அன்பு மட்டும் பயிற்சியாகிவிடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். பயிற்சி தெரிந்தவர் அளவு சொல்ல வேண்டும். சில வாரத்துக்கு ஒரு முறை அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர் கண்ணும் நம் கையும் சேர வேண்டும்.

அப்படிச் சேர நம் வட்டாரத்தில் இடங்கள் இல்லாமல் இல்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசில் சுகாதார அமைச்சு நடத்தும் மறுவாழ்வு மருத்துவமனை ஆகியவை உண்டு. தானும் பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஜேனட் இயோ என்ற அம்மையார் 1996ஆம் ஆண்டில் நாசாம் எனும் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் மையம் பெட்டாலிங் ஜெயாவில் அமைந்தது. கூட்டமாகச் சேர்ந்து பயிற்சி செய்யும்போது, 'அவரால் முடிகிறதே, என்னால் முடியாதா?' என்ற ரோசம் வரும். அந்த ரோசமும் ஒரு மருந்துதான்.

கணவர் சொக்சோவில் சந்தா கட்டி வந்திருப்பார். இயலாமை ஓய்வூதியம் பற்றியும், மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் பற்றியும் அவருக்கு 60 வயது ஆகும் முன்பே போய் விசாரியுங்கள். நாளை நாளை என்று தள்ள வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் பயணம்

கொழுந்தனாரை நான் குறை சொல்லமாட்டேன். பிரிக்பீல்ட்சில் கண் பார்வையற்ற சகோதரர்கள் நீண்ட காலமாக உருவிவிடும் தொழிலை நேர்மையாகச் செய்து வருகிறார்கள். உருவுவதால் உடம்பு இளகும், மனம் தெளியும். ஆனால் உருவும்போது உழைப்பது உருவுகிறவரின் கை. நோயாளியின் மூளைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. விழுந்த பக்கத்துத் தோளை இழுக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். அந்தத் தோள் எளிதில் நழுவும், வலி கண்டுவிடும். உருவ அழைத்துப் போகலாமா என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கிள்ளானில் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிடித்துக்கொண்டு நடந்து, உட்கார்ந்து எழுந்து திரும்பி வருகிறாரே, அதுதான் அந்த வாரத்தில் அவர் செய்த பெரிய பயிற்சி! கொழுந்தனார் தெரியாமலேயே நல்லது செய்திருக்கிறார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் தூரத்தில் கொஞ்சத்தை, பிசியோ சம்மதித்தால், நடையாக மாற்றட்டும்.

வீட்டில் எப்படி?

பிசியோவைக் கேட்டுக்கொண்டு, நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பத்து, பதினைந்து நிமிடம். தொடக்கத்தில் நாளைக்கு நான்கு துண்டு போதும். தாங்கினால் வாரத்துக்கு ஒரு துண்டு கூட்டலாம்.

விடியற்காலையில் நீங்கள் வேலைக்குப் புறப்படுமுன், கெட்டியான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. நாற்காலி சுவரோரம் இருக்கட்டும். நீங்கள் அவருடைய வலப்பக்கம், அதாவது விழுந்த பக்கம், நில்லுங்கள்.

பசியாறும் வேளையில் கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிக்கட்டும். சூடு ஆறிய பிறகு கொடுங்கள். அரைக் குவளைக்கு மேல் வேண்டாம்.

காலை பத்து மணிக்கு மாமியார் பொறுப்பு. மேசைமேல் இரண்டு டப்பா, ஒன்றில் புளியங்கொட்டை. ஒவ்வொரு கொட்டையாக வலக்கையால் எடுத்து மற்ற டப்பாவில் போட வேண்டும். விரல் மடங்காவிட்டால், துணியைத் தள்ளி மேசையைத் துடைக்கட்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு கொட்டையை மாமியார் போடட்டும். மாலையில் கொட்டையை எண்ணினால் அன்றைய அளவு தெரிந்துவிடும். முதல் வாரம் நாளுக்கு ஐம்பது, பிறகு நூறு, இருநூறு. பிரட்டுக் களத்தில் கணக்குக் கொடுத்தவர்களுக்கு இது புதிதா என்ன?

மதியம் சாப்பிட்டுக் கட்டாயம் ஓய்வு. இதில் மாமியார் சொல்லைத் தட்டக் கூடாது. தூங்கும்போதுதான் கற்றது மூளையில் படிகிறது.

மாலையில் தம்பி வந்து அடுக்குமாடியின் நடைவெளியில் நடக்க வைக்கட்டும். அடிகளை எண்ணட்டும். இரவில் பிள்ளைகள் அப்பாவோடு உட்கார்ந்து, வீட்டிலுள்ள பொருள்களின் பெயர், உறவினர் பெயர் என்று பேச வைக்கட்டும். அவர் சொல் தேடும்போது அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்க வேண்டாம். பத்து எண்ணும்வரை காத்திருங்கள். தேடும் அந்த நேரம்தான் பயிற்சி.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்?

பயிற்சி கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். பத்துத் தடவை முயன்று பத்தும் எளிதாக முடிந்தால் அது போதாது. கொட்டையைச் சிறிதாக்குங்கள், நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள். பத்தில் ஒன்றிரண்டுதான் முடிகிறது என்றால் அது அதிகம். களைப்பு ஒரு மணி நேர ஓய்வில் தீர்ந்தால் அளவு சரி. மறுநாள் காலையிலும் தீரவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள். சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டாம். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு மூளையின் களைப்பு, அது நடிப்பல்ல.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், கடுமையான தலைவலி, புதிதாக முகமோ கையோ பேச்சோ கோணுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி, உடனே 999க்கு அழையுங்கள். பயிற்சி நன்றாக நடக்கிறதே என்று இரத்த அழுத்த மாத்திரையை, சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பயிற்சி மாத்திரைக்குப் பதில் அல்ல.

அடுத்த முறை பிசியோவிடம் போகும்போது ஒரு துண்டுத் தாளில் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். எந்த வேலையைப் பழக்க வேண்டும்? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்? நாளைக்கு எத்தனை தடவை? எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது? எப்போது அளவை மாற்றுவது? பதிலை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாத்திரையின் அளவைக் கேட்கக் கூச்சப்படுவோமா? முதல் கேள்விக்குக் கணவரையும் பதில் சொல்ல விடுங்கள். 'சட்டைப் பொத்தானை நானே போட வேண்டும்' என்று அவர் ஆசைப்பட்டால், அளவு அங்கிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு சொல், சகோதரி. கடிதம் முழுவதும் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. உங்களுக்கும் ஓர் அளவு உண்டு. எல்லாத் துண்டையும் நீங்களே சுமந்தால் மூன்றாவது வாரம் நீங்கள் படுத்துவிடுவீர்கள், பயிற்சியும் நின்றுவிடும். மாமியார், தம்பி, கொழுந்தனார் மூவரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று வருந்தினீர்கள். மூவருக்கும் அவர் மேல் அக்கறை இருக்கிறது என்றுதானே அதற்குப் பொருள்? பேச்சைக் கேட்டது போதும். ஆளுக்கு ஒரு துண்டு வேலையைக் கையில் கொடுங்கள்.

முன்போல் ஆகிவிடுவாரா என்று கேட்டிருந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது. யாராலும் முடியாது. இன்றைக்கு ஐம்பது கொட்டை என்பதை மட்டும் நாம் உறுதியாகச் சொல்லலாம். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். அப்போது டப்பாவில் எத்தனை என்று தெரிந்துகொள்ள நானும் ஆவலாக இருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.